பதினைந்து பாகைக்கு மேல் குனியக் கூடாது

மாடியக்காவின் இடது கைக் கட்டைவிரல் மரத்துப்போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பதினோராவது பெட்டியைக் கப்பலின் வயிற்றுக்குள் இறக்கிக்கொண்டிருந்தபோது.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடித் தரை போட்ட ஒரு சின்ன அறையில் பதினொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். அதனால் வந்த பெயர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும் தெரியும். கிரேன் என்றால் பஸ் மாதிரி முன்னால் பார்த்து ஓட்டுவது என்று நினைக்கிறவர்கள் உண்டு. முன்னால் பார்த்தால் கடல்தான் தெரியும். வேலை முழுக்கக் காலடியில். இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே தலையைத் தொங்கப் போட்டு, தீப்பெட்டி அளவில் தெரிகிற கன்டெய்னரின் நான்கு மூலையிலும் கொக்கியைப் பொருத்த வேண்டும். வலது கைப் பிடி தூக்கும், இறக்கும். இடது கைப் பிடி முன்னும் பின்னும் நகர்த்தும். எட்டு மணி நேரம் இப்படி. நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி.

அன்றைக்கு இடது கை, பிடியை விட வேண்டிய இடத்தில் விடவில்லை. விட்டுவிட்டதாக மூளை நினைத்தது; விரலுக்குச் சேதி போய்ச் சேரவில்லை. இருபது டன் பெட்டி ஊஞ்சல் மாதிரி ஒரு ஆட்டம் ஆடியது. கீழே நின்று வழி சொல்லும் கொடிக்காரர், பக்கத்தில் இருந்த இரண்டு பேரையும் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓரமாகப் பாய்ந்தார். அவர் கையில் கொடி போய் வாக்கி டாக்கி வந்து பல வருடம் ஆகிறது. பெயர் மட்டும் மாறவில்லை.

"அக்கா! என்னக்கா, எங்களை நசுக்கிடலாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"கை சொன்னபடி கேக்கல. அடி பட்டுச்சா?"

"அடி இல்ல. உசிரு மட்டும் ஒரு தடவை வெளியில போயிட்டு வந்துச்சு."

பெட்டியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு மாடியக்கா பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தார். கழுத்தின் பின்பக்கம் பல மாதமாக வலித்துக்கொண்டுதான் இருந்தது. தோளில் இறங்கி, முழங்கை வழியாக விரலுக்கு வந்தது புதிது. தனக்கு வலித்தால் பொறுத்துக்கொள்ளலாம். கீழே மூன்று பேர் நிற்கிறார்கள்.

துறைமுகத்தின் முதலுதவி அறையில் எங்கே தொந்தரவு என்று கேட்டார்கள். கட்டைவிரல் என்றார். கட்டைவிரலுக்குத் தைலம் கொடுத்தார்கள். மூன்று வாரம் தேய்த்ததில் விரல் நன்றாக மணத்தது.

அதன்பிறகுதான் வெளியே போய் ஸ்கேன் எடுத்து, உடற்பயிற்சி சிகிச்சை தரும் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினார். அந்த அம்மா படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"விரல்ல ஒண்ணுமே இல்ல. இங்க பாருங்க, கழுத்துல ஏழு எலும்பு. நடுநடுவுல மெத்து மெத்துனு வட்டமா ஒண்ணு இருக்கும், அதான் டிஸ்க். உள்ள ஈரம் இருக்கிற வரைக்கும் அதிர்ச்சிய எல்லாம் அது தாங்கிக்கும். வயசு ஆக ஆக ஈரம் குறையும், உயரம் குறையும். எல்லாருக்கும்தான். உங்களுக்கு அஞ்சாவது எலும்புக்கும் ஆறாவதுக்கும் நடுவுல கொஞ்சம் சீக்கிரமாவே வத்திடுச்சு. இடம் குறுகிப்போய், கைக்குப் போற நரம்பு அதுல மாட்டியிருக்கு. விரல் மரத்துப்போறது அதனாலதான்."

"எனக்கு முப்பத்தொன்பதுதானே ஆகுது?"

"தலை நாலஞ்சு கிலோ இருக்கும். நிமிர்ந்து இருந்தா கழுத்துக்கு அது ஒரு பாரமே இல்ல. குனிஞ்சு தொங்கவிட்டா அதே தலை பல மடங்கு கனக்கும். நீங்க பதினோரு வருஷமா தொங்கவிட்டிருக்கீங்க. இது ஒண்ணுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இது உதவி பண்ணியிருக்கு, நல்லாவே."

"அப்ப ஆபரேஷனா?"

"அவசரப்படாதீங்க. முக்காவாசிப் பேருக்கு அது தேவைப்படறதே இல்ல. பயிற்சி சொல்லித் தரேன். வலிக்கு மாத்திரை கொஞ்ச நாள். முக்கியமா, ஒரே இடத்துல தலைய தொங்கவிட்டுக்கிட்டே இருக்கக் கூடாது. ரெண்டு மணி நேரம் மேல இருந்தா, அடுத்த ரெண்டு மணி நேரம் கீழ நடமாடுங்க. நடக்கறப்ப கால் தடுமாறினாலோ, கையில எடுத்ததெல்லாம் நழுவினாலோ, ஒண்ணுக்குப் போறது கட்டுப்படலைன்னாலோ ஒரு நாள்கூட யோசிக்காம ஓடி வாங்க. மத்தபடி பயப்படாதீங்க. டிஸ்க் தேய்மான நோய்னு பேருலதான் நோய் இருக்கு. நாளுக்கு நாள் மோசமாகிக்கிட்டே போகணும்னு கட்டாயம் இல்ல."

இதையெல்லாம் அவர் ஒரு கடிதமாகவும் எழுதிக் கொடுத்தார். மாடியக்கா அதை எடுத்துக்கொண்டு துறைமுக மேலாளரிடம் போனார். கேட்டது மிகச் சின்ன விஷயம். கிரேன் உரிமம் வைத்திருக்கிறவர்கள் துறைமுகத்தில் இருபத்தெட்டு பேர். பதினான்கு பேர் மேலே ஓட்டுகிறார்கள். மீதிப் பதினான்கு பேர் கீழே பெட்டிகளின் முத்திரையைச் சரிபார்க்கிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டால் எல்லாருக்கும் நல்லது.

மேலாளர் கடிதத்தைப் படிக்காமலே திருப்பித் தந்தார். "கழுத்து சம்பந்தப்பட்ட எதையும் நான் தொடக் கூடாதும்மா. அதுக்கு மன்றம் இருக்கு."

பணியாளர் உடற்தகுதி உயர்நிலை மன்றம் என்பது அதன் முழுப்பெயர். நிர்வாகக் கட்டடத்தின் முதல் மாடியில் இருந்தது. மனு வாங்கும் ஜன்னல் இடுப்பு உயரத்தில், தட்டு நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. உள்ளே இருப்பவரிடம் பேச வேண்டுமென்றால் தலையை அதற்கு நேராகக் கொண்டுபோக வேண்டும். ஜன்னலுக்கு மேலே, நிமிர்ந்து நின்றால் மட்டும் படிக்க முடிகிற இடத்தில், "குனியாதீர், கழுத்தைக் காப்பீர்" என்று எழுதியிருந்தது.

மன்றத்தில் மூன்று பேர். தலைவர் தோல் மருத்துவர். உறுப்பினர் பல் மருத்துவர். கழுத்து பல்லுக்குக் கீழேயும் தோலுக்கு உள்ளேயும் இருப்பதால் இருவரும் சேர்ந்தால் கழுத்துக்குப் போதும் என்று எப்போதோ முடிவு செய்யப்பட்டிருந்தது. மூன்றாவது ஆள் செயலர். அவர் எந்த மருத்துவரும் இல்லை. ஆகவே எல்லா நோயையும் சம தூரத்தில் வைத்துப் பார்க்கக்கூடியவர். மன்றத்திடம் இரண்டு ரப்பர் முத்திரைகள் இருந்தன. ஒன்றில் "தகுதி". இன்னொன்றில் "தகுதியின்மை". இரண்டாவது விழுந்தால் அன்றோடு வேலை போய்விடும். மூன்றாவது முத்திரை கிடையாது.

முதல் அமர்வுக்கு மணி அடித்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். எல்லாரும் என்றால் மாடியக்கா ஒருவர்தான். கழுத்துப் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் போன வருடம் துறைமுகம் தலையணை வைத்த மூன்று சாய்வு நாற்காலிகள் வாங்கியிருந்தது. மூன்றும் அந்த அறையில்தான் இருந்தன. அவற்றில் மூவரும் சாய்ந்தார்கள். மாடியக்காவுக்கு ஒரு முக்காலி.

தலைவர் ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். செயலர் எழுந்து போய் அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார்.

"கழுத்துல மொத்தம் எத்தனை டிஸ்க்?" என்றார் தலைவர்.

"ஆறுன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"எத்தனை தேஞ்சிருக்கு?"

"ஒண்ணு. அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல."

"அந்த ஆறும் உங்ககூடத்தான் வேலைக்கு வருது?"

"ஆமா."

"ஒரே நேரத்துக்கு வருது, ஒரே நேரத்துக்குப் போகுது. ஒரே வேலை. அதுல அஞ்சு டிஸ்க் எந்தக் குறையும் சொல்லல. ஒண்ணு மட்டும் சொல்லுது. அப்ப தப்பு வேலை மேலயா, அந்த டிஸ்க் மேலயா?"

பல் மருத்துவர் தலைவரை வியந்து பார்த்தார். செயலர் எழுதிக்கொண்டார்.

மாடியக்காவுக்குப் பேச்சுத் திறமை என்று ஒன்றும் கிடையாது. நாள் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருக்கிறவர். "சார், எனக்கு ஒரு சந்தேகம். கிரேன்ல கம்பிக் கயிறு இருக்கு. மாசா மாசம் ஒருத்தர் வந்து விரலால தடவிப் பார்த்து, எத்தனை இழை அறுந்திருக்குன்னு எண்ணி எழுதறாரு. இத்தனைக்கு மேல அறுந்தா கழட்டிடணும்னு விதி இருக்கு. நல்லா இருக்கிற மாதிரி தெரிஞ்சாலும் கழட்டிடுவாங்க. ஒரு கயிறு அறுந்தா மத்த கயிறு எல்லாம் நல்லாத்தானே இருக்குன்னு யாரும் கேக்கறதில்ல. எனக்கும் அப்படி ஒரு விதி…"

தலைவர் முகத்தில் வருத்தம் படர்ந்தது. உண்மையான வருத்தம்.

"கயிறு துறைமுகத்தோட சொத்தும்மா. சொத்தை நாங்க பாதுகாக்கணும். நீங்க அப்படியா? நீங்க துறைமுகத்தோட குடும்பம். குடும்பத்துல யாராவது இத்தனை நாள்தான் தாங்கும்னு எழுதி வைப்பாங்களா?"

"அப்ப என்னையும் சொத்துல சேத்துடுங்க சார்."

இதைச் செயலர் எழுதிக்கொள்ளவில்லை.

அமர்வின் முடிவில் தலைவர் சாய்வு நாற்காலியை இன்னும் ஒரு படி சாய்த்துக்கொண்டு பேசினார். "நாங்க முடியாதுன்னு சொல்ற ஆளுங்க இல்ல. முடியும்னும் சொன்னதில்ல. நாப்பது வருஷமா இந்த மன்றம் அந்த நடுநிலையைக் கட்டிக் காத்துட்டு வருது. உங்க வேலை எட்டு மணி நேரம். கழுத்து உங்ககூட இருபத்துநாலு மணி நேரமும் இருக்கு. மீதிப் பதினாறு மணி நேரம் அந்தக் கழுத்து எங்க போகுது, என்ன பண்ணுதுன்னு விசாரிக்காம நாங்க எப்படி வேலை மேல பழி போட முடியும்?"

விசாரிக்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குச் செயலர் மாடியக்காவின் வீட்டுக்கு வந்தார். கையில் எண்ணும் கருவி. அமுக்கினால் டிக் என்று ஒரு எண் கூடும். கதவைத் திறந்தவர் மாடியக்காவின் கணவர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர்.

"வாங்க சார், உக்காருங்க. நாங்க பாட்டுக்கு வழக்கம்போலக் குனியறோம், நீங்க எண்ணிக்குங்க."

"தப்பா நினைச்சுக்காதீங்க. நான் யார் மேலயும் தனிப்பட்ட முறையில சந்தேகப்படறது இல்ல. எல்லார் மேலயும் ஒரே மாதிரிதான் சந்தேகப்படுவேன்."

மாலை வரை இருந்தார். சமையலறை வாசலில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டார். சிக்கல் என்னவென்றால், அந்த வீட்டில் ஆறு மாதமாகக் காய் நறுக்குவது, தரை துடைப்பது, துணி துவைப்பது எல்லாம் கணவர். மனைவிக்குக் கழுத்து வலிக்க ஆரம்பித்ததிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட வேலைகள். செயலரின் கருவி அவருக்காக டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. மாடியக்காவுக்காக அடிக்கவே இல்லை. மதியத்துக்கு மேல் செயலருக்குக் கவலை வந்துவிட்டது.

"கொஞ்சம் குனியக் கூடாதாம்மா? அறிக்கை காலியா இருக்கு."

"எதுக்கு சார் குனியணும்? வலிக்குது."

கடைசியில் அவரே தன் பதினேழு பக்கப் படிவத்தை டீப்பாயில் வைத்து நிரப்பச் சொன்னார். அதற்காக மாடியக்கா குனிந்தது முப்பத்தொரு முறை. அறிக்கையில் அது "வீட்டில் குனிதல்: முப்பத்தொன்று" என்று ஏறியது. கணவர் நானூற்றுப் பன்னிரண்டு முறை குனிந்ததும் பதிவானது. ஆனால் அவர் துறைமுகப் பணியாளர் அல்லாததால் அவருடைய கழுத்து மன்றத்தின் எல்லைக்கு வெளியே இருப்பதாக அடிக்குறிப்பு சொன்னது.

"நானூத்திப் பன்னெண்டா!" என்று கணவர் அன்றிரவு முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு தன் கழுத்தைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்டார்.

இரண்டு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. மன்றம் மிகவும் சிரமப்பட்டிருக்க வேண்டும். தகுதியின்மை என்று முத்திரை குத்தினால் கழுத்து தேய்ந்தது உண்மை என்றாகிவிடும். பிறகு ஏன் தேய்ந்தது என்று யாராவது கேட்பார்கள். வெறுமனே தகுதி என்று குத்தினால் நாளைக்குப் பெட்டி யார் தலையிலாவது விழுந்தால் மன்றத்தின் கையெழுத்து மாட்டிக்கொள்ளும். ஆகவே ஆணை இப்படி இருந்தது:

"மேற்படி பணியாளர் கிரேன் இயக்க முழுத் தகுதி உடையவர். எனினும் பணி நேரத்தில் பதினைந்து பாகைக்கு மேல் குனியக் கூடாது. மீறினால் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாவார். மீறுவதால் வரும் உடல் பாதிப்புக்கு மன்றம் பொறுப்பாகாது."

கூடவே ஒரு தலைக்கவசம் வந்தது. அதன் பக்கவாட்டில் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் கோணமானி ஒட்டப்பட்டிருந்தது. அதிலிருந்து ஒரு நூல். நூலின் நுனியில் ஒரு நட்டு. தலை குனிந்தால் நட்டு எத்தனை பாகை என்று காட்டும்.

கணவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பதினஞ்சு டிகிரில என்ன தெரியும் அங்கேர்ந்து?"

"கடல்."

"அப்ப எப்படி வேலை பாப்ப?"

மாடியக்கா ஆணையை மறுபடியும் படித்தார். இதுவரைக்கும் அவர் மனு போட்டார், காத்திருந்தார், முக்காலியில் உட்கார்ந்தார், படிவம் நிரப்பினார். எல்லாம் பணிவாகத்தான். இப்போது உள்ளே ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

"ஆணைன்னா மீறக் கூடாதுல்ல?" என்றார். "மீற மாட்டேன்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு மேலே ஏறினார். கீழே ஆயிரத்து நூறு பெட்டிகளோடு ஒரு கப்பல் நின்றது. அடுத்த நாள் மதியம் கிளம்ப வேண்டிய கப்பல். மாடியக்கா இருக்கையில் உட்கார்ந்தார், பட்டையைப் போட்டார், முதுகை நேராக்கினார், கடலைப் பார்த்தார். கடல் நன்றாக இருந்தது. பதினொரு வருடத்தில் அதை அவர் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை.

"அக்கா, முதல் பெட்டி ரெடி. இறக்குங்க" என்றார் கொடிக்காரர் வாக்கி டாக்கியில்.

"எங்க இருக்கு?"

"உங்க காலுக்குக் கீழதான்."

"தெரியலையே."

"குனிஞ்சு பாருங்கக்கா."

"குனியக் கூடாதுன்னு ஆணை. நடவடிக்கை எடுப்பாங்களாம்."

கொடிக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சரிக்கா, அப்ப கடலையே பாத்துட்டிருங்க" என்றார்.

ஏழரை மணிக்கு மேலாளர் வந்தார். எட்டு மணிக்குக் கத்த ஆரம்பித்தார். வாக்கி டாக்கியைக் கொடிக்காரரிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"வேலை பாக்க முடியலைன்னா இறங்கு! சஸ்பெண்ட் பண்ணிடுவேன்!"

"வேலை பாக்க முழுத் தகுதி இருக்குன்னு மன்றம் சொல்லியிருக்கு சார். இறங்கினா ஓடிப்போயிட்டேன்னு எழுதுவீங்க. நீங்க ஒரு தாள்ல 'பதினைந்து பாகைக்கு மேல் குனியவும்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. இந்த நிமிஷமே குனியறேன்."

மேலாளர் பேனாவை எடுத்தார். பேனாவைப் பார்த்தார். சட்டைப்பையில் திரும்பச் செருகினார். கழுத்து சம்பந்தப்பட்ட எதையும் அவர் தொடக் கூடாது.

வேறு ஆளை ஏற்றலாமென்றால், கீழே பெட்டி சரிபார்க்கிறவர்கள் ஏறத் தயங்கினார்கள்; பக்கத்துக் கிரேன்களில் இருந்தவர்களும் ஒவ்வொருவராகக் கைப்பிடியை விட்டுவிட்டு வாக்கி டாக்கியில் விசாரிக்க ஆரம்பித்தார்கள். "அக்கா, அந்தத் தொப்பி எங்களுக்கும் கிடைக்குமா?" பதினான்கு பேரில் ஒன்பது பேருக்குக் கழுத்து வலி இருந்தது என்பது அன்றைக்குத்தான் எல்லாருக்கும் தெரிந்தது. அதுவரை ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் என்று நினைத்து, தகுதியின்மை முத்திரைக்குப் பயந்து, வீட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

பதினொரு மணிக்கு மன்றம் கிரேனின் காலடியில் அவசர அமர்வு கூடியது. மணியைச் செயலர் கையோடு கொண்டுவந்திருந்தார். ஆணை சரியானது, பணியாளருக்குத்தான் அதைப் பின்பற்றத் தெரியவில்லை என்று தலைவர் கூறினார். பதினைந்து பாகைக்குள் கிரேன் ஓட்டலாம் என்பதைத் தாமே நேரில் காட்டுவதாகவும் அறிவித்தார். லிப்டில் ஏறினார். மேலே வந்ததும் தலைக்கவசத்தை வாங்கி மாட்டிக்கொண்டார். இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடித் தரையைப் பார்த்துவிட்டு இருக்கையின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார். பெட்டிகளை நகர்த்தும் விசையை மாடியக்கா அணைத்து வைத்திருந்தார். கீழே இருந்தவர்களை நினைத்து.

"இப்ப நேரா பாக்கறேன். பாத்தீங்களா, எவ்வளவு வசதியா இருக்கு?"

"என்ன சார் தெரியுது?"

"கடல்."

"பெட்டி?"

தலைவர் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தார். தம் வயிறு தெரிந்தது. கொஞ்சம் குனிந்தார். நூலில் தொங்கிய நட்டு இருபதைக் காட்டியது. இன்னும் குனிந்தார். நாற்பது. "ஆங், கப்பல் விளிம்பு தெரியுது" என்றார். அறுபத்திரண்டில் பெட்டி தெரிந்தது.

"இந்தக் கோணமானி சரியில்ல" என்றார் தலைவர், தலையைத் தொங்கவிட்டபடியே.

"அது நீங்க குடுத்ததுதான் சார். அப்படியே இருங்க. நாலு மூலையும் கொக்கில பொருந்துற வரைக்கும் கண்ணை எடுக்கக் கூடாது. ஒரு பெட்டிக்கு ரெண்டு நிமிஷம்."

தோற்றுப்போனதாகக் காட்டிக்கொள்ளத் தலைவருக்கு மனம் வரவில்லை. அவர் அப்படியே இருந்தார். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஐந்து நிமிடத்தில் தோளைக் குலுக்கினார். பன்னிரண்டு நிமிடத்தில் வியர்த்தது. இருபத்து மூன்றாவது நிமிடத்தில் நிமிரப் பார்த்தார். கழுத்து பாதி வழியில் நின்றுவிட்டது.

"அம்மா… பிடிச்சுக்கிச்சு."

மாடியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வலி எங்கே ஆரம்பித்து எந்த வழியாகப் போகும் என்று அவருக்குத் தெரியும். தலைவரின் தோளில் கையை வைத்து, டாக்டரம்மா சொல்லித் தந்தபடி மெதுவாகத் தாடையை உள்ளே இழுக்கச் சொன்னார், மூச்சு விடச் சொன்னார். "அவசரப்படாதீங்க. தானா விடும். எனக்கு விட்டிருக்கு."

"நீங்க இதை எட்டு மணி நேரமா…" என்று தலைவர் ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

அந்த நிமிடத்தில் அவர் மனம் மாறியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் லிப்ட் தரைக்கு வந்து, கதவு திறந்து, செயலர் எழுந்து நின்று மணியடித்ததும் தலைவர் மறுபடியும் மன்றமாகிவிட்டார்.

அன்று மாலையே மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. எல்லாத் தீர்மானங்களையும் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்பது விதி. செயலர் விதியை மீறி அறியாதவர், ஒட்டினார். மறுநாள் காலை அதன் முன்னால் பெரிய கூட்டம். கொடிக்காரர் உரக்கப் படித்தார்.

"'கிரேன் அறையில் இருபத்து மூன்று நிமிடம் தலை குனிந்திருந்ததால் மன்றத் தலைவருக்குக் கழுத்துப் பிடிப்பும் கை வலியும் ஏற்பட்டுள்ளன. இது மேற்படி இருக்கைநிலையின் நேரடி விளைவு என இரு மருத்துவ உறுப்பினர்களும் ஒருமனதாகச் சான்றளிக்கின்றனர். தலைவருக்குப் பத்து நாள் முழு ஓய்வு அளிக்கப்படுகிறது. இத்தகைய கேடான நிலையில் இனி எந்த மன்ற உறுப்பினரும் அமரலாகாது.' கீழ ரெண்டு டாக்டர் கையெழுத்து, முத்திரை."

அவர் படித்து முடித்ததும் யாரும் சிரிக்கவில்லை.

"இன்னொரு தடவை படிங்க," என்றார் மாடியக்கா. "மெதுவா."

பதினான்கு பேரும் அந்தத் தீர்மானத்துக்கு நகல் எடுத்தார்கள். ஒவ்வொரு நகலின் பின்னாலும் ஒரே மாதிரி எழுதினார்கள்: இருபத்து மூன்று நிமிடத்துக்குப் பத்து நாள் ஓய்வு என்றால், தினமும் எட்டு மணி நேரம் இத்தனை வருடமாக உட்கார்ந்திருக்கும் எனக்கு எத்தனை நாள் என்று கணித்துச் சொல்லவும். மாடியக்கா எல்லாவற்றையும் அடுக்கி மேலாளரின் மேசையில் வைத்தார். வைத்துவிட்டு நின்றார்.

"என்னம்மா இது, கிண்டலா?"

"டாக்டர் சர்ட்டிபிகேட் சார். ரெண்டு டாக்டர், உங்க மன்றத்துல இருக்கிறவங்க. இந்த வேலைதான் காரணம்னு எழுதிக் குடுத்திருக்காங்க. அவ்வளவு நாள் ஓய்வெல்லாம் எங்களுக்கு வேணாம். ரெண்டு மணி நேரம் மேல, ரெண்டு மணி நேரம் கீழ. அதை இன்னிக்கே எழுதிக் குடுத்தீங்கன்னா இன்னிக்கே ஏறுவோம். இல்லைன்னா பதினஞ்சு டிகிரி. எங்க பதினாலு பேருக்கும்."

ஜன்னல் வழியாக அந்தக் கப்பல் தெரிந்தது. மதியம் கிளம்ப வேண்டியது. அதற்குப் பின்னால் இன்னொன்று காத்திருந்தது. மேலாளர் வெகுநேரம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். பிறகு "தற்காலிகமாக" என்று ஆரம்பித்து நான்கு வரி எழுதினார். அவர் வாழ்க்கையில் கழுத்தைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

அந்தத் தற்காலிகம் இரண்டு வருடமாக நடக்கிறது. எதுவும் சரிந்துவிடவில்லை. முன்பைவிட ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பெட்டி கூடுதலாக இறங்குவதாகக் கொடிக்காரர் சொல்கிறார். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. மாடியக்கா தினமும் காலையில் பதினைந்து நிமிடம் சுவரில் முதுகை ஒட்டி நின்று பயிற்சி செய்கிறார். கணவரும் பக்கத்தில் நின்று செய்கிறார், நானூற்றுப் பன்னிரண்டை நினைத்து. மூன்று மாதத்தில் கட்டைவிரலுக்கு உணர்ச்சி பெரும்பாலும் திரும்பிவிட்டது. குளிர் நாளில் கொஞ்சம் மந்தமாக இருக்கும். மறுபடியும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் டிஸ்க் அப்படியேதான் இருந்தது.

"வத்தினது ஊறாது," என்றார் டாக்டரம்மா. "ஊற வேண்டிய அவசியமும் இல்ல. படம் அப்படியே இருக்கும், நீங்க நல்லா இருப்பீங்க. நிறையப் பேரு அப்படித்தான் இருக்காங்க, படம் எடுக்காததால அவங்களுக்குத் தெரியாது."

மன்றத் தலைவரும் குணமாகிவிட்டார். போன மாதம் மன்றம் தன் சாதனைகளைப் பற்றி ஒரு மலர் வெளியிட முடிவு செய்தது. கிரேன் ஓட்டுநர்களுக்கு நேர மாற்றம் வாங்கிக் கொடுத்தது அதில் முதல் சாதனை. பயனடைந்தவர் என்ற முறையில் மாடியக்காவுக்கு அச்சடித்த ஒரு நன்றிக் கடிதம் வந்தது. அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். செயலரே கொண்டுவந்து கொடுத்தார்.

"மன்றத்தின் பேருதவியால் நலம்பெற்ற நான், மாண்புமிகு தலைவர் அவர்களுக்குத் தலைவணங்கி நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்."

மாடியக்கா அதைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து இரண்டு முறை படித்தார். கொடிக்காரரிடம் பேனா வாங்கினார். "தலைவணங்கி" என்ற ஒரு சொல்லை மட்டும் நிதானமாக அடித்தார். ஓரத்தில், தெளிவான எழுத்தில், "மருத்துவக் காரணங்களால் இயலாது" என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுச் செயலரிடம் கொடுத்தார்.